வண்டியில் புதிதாக ஒரு சத்தமா? கார், லாரி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாமக்கல், சேலம் பக்கம் கார், லாரி இரண்டுக்கும் வேலை பார்க்கிற பட்டறையில் பல வருடம் இருந்தவன் நான். வண்டியை உள்ளே விட்டதும் பெரும்பாலானவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, "என்னமோ சத்தம் வருதுங்க". அந்த 'என்னமோ'வைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தேவையில்லாத பார்ட் மாற்றுகிற செலவும் மிச்சம். அங்கே திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொல்லி வந்த பதில்களும் இவை.

மெக்கானிக்கிடம் சத்தத்தை எப்படி விளக்குவது?

முதலில் எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, எஞ்சின் சூடான பிறகா? நிற்கும்போதும் உண்டா, ஓடினால் மட்டுமா? எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது? கிளட்ச் மிதித்தால், பிரேக் போட்டால், ஸ்டியரிங்கை ஒடித்தால் மாறுகிறதா? ஆள் ஏறினால், லோடு ஏற்றினால் கூடுகிறதா? இதில் நான்கைந்துக்குப் பதில் இருந்தாலே தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அப்புறம் சத்தத்தின் சாயல். வாயால் அப்படியே செய்து காட்டுங்கள், கூச்சம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று படித்தோமே, அது பட்டறையில் நன்றாக உதவும். 'கடகட' என்றால் எங்கோ ஒரு இரும்பு தளர்ந்திருக்கிறது. 'கரகர' என்றால் இரும்பும் இரும்பும் தேய்கின்றன. 'கீச் கீச்' என்றால் காய்ந்த ரப்பரோ கிரீஸ் இல்லாத பின்னோ. 'ஊங்' என்று இழுத்தால் பேரிங், டயர், கிரவுன் பினியன் (ஆக்சிலில் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் பல்சக்கர ஜோடி) மூன்றில் ஒன்று. 'புஸ்' என்றால் காற்று. இதெல்லாம் தீர்ப்பு இல்லை, எங்கே தொடங்குவது என்பதற்கான குறிப்புதான்.

எஞ்சின் சத்தமா, சக்கரத்துச் சத்தமா என்று நானே பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். சத்தம் வந்தால் எஞ்சின், பெல்ட், சைலன்சர் பக்கம் தேட வேண்டும். வராவிட்டால் சமதளமான, ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை ஐடிலுக்கு வர விடுங்கள். அப்போதும் அதே சத்தம் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால் டயர், பேரிங், ஆக்சில் பக்கம். எஞ்சினை மட்டும் ஒருபோதும் ஆஃப் செய்துவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மலைப்பாதையில் இந்தச் சோதனையே கூடாது.

தட்டுகிற சத்தம் என்றால் எண்ணிப் பாருங்கள். 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 36 கி.மீ. என்பது நொடிக்கு 10 மீட்டர். அப்படியானால் அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு 5 சுற்று. 'டக் டக்' நொடிக்கு ஐந்து வந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. டயர் இடுக்கில் சிக்கிய ஜல்லிக்கல்கூட இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். லாரியின் 10.00-20 டயருக்கு அதே வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்றுதான். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். அங்கிருந்து வருவதை எண்ண முடியாது, அதிர்வாகத்தான் தெரியும்.

60-ஐத் தாண்டினால் 'ஊங்' என்று ஒரு இரைச்சல். பேரிங் போய்விட்டதா?

பேரிங்காகவும் இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். நானே ஒருமுறை அவசரப்பட்டு ஒரு காருக்கு முன்பக்க பேரிங் இரண்டையும் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டதும் சத்தமும் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து டயரைப் பார்க்காமல் பேரிங்கைத் தொடுவதில்லை.

உள்ளங்கையை டயரின் மேல்பரப்பில் இரண்டு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலவும் உறுத்தினால் டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கிறது. அலைன்மெண்டோ ஷாக் அப்சார்பரோ சரியில்லாததன் அடையாளம் அது. தார் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் சத்தத்தின் சுருதி மாறினால் டயர்ப் பக்கம் சந்தேகம் கூடும். பேரிங் சத்தம் சாலையைப் பார்த்து மாறாது.

பேரிங் வளைவில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நிதானமான வேகத்தில் இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரங்களில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகியுங்கள். வலது பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங். பிறகு ஜாக் போட்டு, ஸ்டாண்டும் வைத்துவிட்டு, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் மட்டும் ஆடுகிறது என்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். ஆட்டமே இல்லாத பேரிங்கும் சத்தம் போடும். அதற்கு ஒரு வழி: ஒரு கையால் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். உள்ளே மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காது ஏமாறும் இடத்திலும் விரல் ஏமாறாது.

பிரேக் போட்டால் 'கிறீச்' என்கிறது. உடனே மாற்ற வேண்டுமா?

மழை பெய்த மறுநாள் காலையிலோ வண்டி கழுவிய பிறகோ முதல் நான்கைந்து பிரேக்குக்கு மட்டும் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்து உரசுகிறது, அவ்வளவுதான்.

நாள் முழுக்க வந்தால் பேடின் கனத்தைப் பாருங்கள். புதிய பேடு ஏறக்குறைய 10 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பல கார்களில் பேடு அந்த அளவுக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கிறீச்சை அலட்சியப்படுத்தினால் அடுத்து வருவது 'கரகர'. அப்போது பேடு முழுக்கத் தீர்ந்து, பின்தகடு டிஸ்க்கைக் கடைந்துகொண்டிருக்கும். பேடோடு போக வேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளும்.

மண் சாலையில் போய் வந்ததிலிருந்து பிரேக் போடாமலே தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மறைப்புத் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். வண்டியை மெதுவாகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் பல நேரம் விழுந்துவிடும்.

லாரியில் டிரம் பிரேக். டிரம்மோடு உரசி வண்டியை நிறுத்தும் லைனர் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலை டிரம்மைத் தொட்டால் அதே 'கரகர'தான் வரும். அதோடு தொப்பூர் கணவாயில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் அந்த இறக்கம் எத்தனை லாரிகளைக் கவிழ்த்திருக்கிறது என்று நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். லைனர் வேலை என்றால் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று, பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் 'டக் டக் டக்' என்கிறது?

முன்சக்கரத்துக்கு இழுவை போகும் கார் என்றால் பெரும்பாலும் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் இழுவையைக் கொண்டுபோகும் மூட்டு. சக்கரத்துக்கு உட்புறம் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் தெரியும். அது கிழிந்து, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால் உறுதி செய்துகொள்ளலாம். பூட் கிழிந்த உடனே பார்த்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு பார்த்தால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் இரண்டு பக்கமும் உள்ளேயும் வெளியேயுமாக இருக்கும் நாலு பூட்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டங்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் அது சி.வி. இல்லை, முன் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்.

கிளட்சை மிதித்தால் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. என் நண்பருக்கு நேர் எதிர். ஏன்?

மிதிக்கும்போது வந்தால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது வந்து, முழுக்க மிதித்ததும் நின்றால் எஞ்சின் சுழற்சியை வாங்கும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங். கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் தேயும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீய்ய்ச்' என்று கத்திவிட்டு அடங்குகிறது?

பெல்ட். அது தளர்ந்திருக்கிறதா, புல்லி கோணலாக இருக்கிறதா என்று பிரிக்க ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது தள்ளி நின்று, பெல்ட்டின் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதவில்லை. சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. பெல்ட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவுகிற வேலை வேண்டாம். பெல்ட்டே வீணாகிவிடும். வேட்டி, லுங்கி, துப்பட்டா, தளர்ந்த தலைமுடியோடு ஓடும் எஞ்சின் பக்கம் குனியாதீர்கள். காற்றாடியில் கை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எஞ்சினில் தட்டும் சத்தம். எது ஆபத்து, எது இல்லை?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாச் சத்தத்தையும்விட இங்கேதான் பணமும் எஞ்சினும் ஒரே நாளில் போகும்.

எதற்கும் முன்னால் ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. அளவு குறைந்திருந்தால் மீதி ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

மேலே வால்வு மூடிப் பக்கமிருந்து தையல் மெஷின் ஓடுவது போல 'டிக் டிக் டிக்' என்று மெல்லிதாக வந்தால் டேப்பெட், அதாவது வால்வைத் தட்டித் திறக்கும் பாகம். அதைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். 800 ஆர்.பி.எம். ஐடிலில் ஒரு வால்வு நொடிக்கு ஆறேழு முறை தட்டும். எஞ்சின் சுற்றுகிற வேகத்தைவிட இது நிதானமாகக் கேட்பதற்குக் காரணம் அதுதான். டேப்பெட் இடைவெளியைச் சரி செய்தால் பெரும்பாலும் தீரும். எஞ்சின் உடனே நின்றுவிடாது.

குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' வந்து, சூடானதும் குறைந்தால் சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிகிறதா என்று பாருங்கள். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் குறைகிறது. கசிவு இருக்கும் இடத்தில் கரி படிந்திருக்கும்.

கீழே ஆயில் பேன் பக்கமிருந்து, கட்டையால் இடிப்பது போல 'டொக் டொக்' என்று கனமாக வந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடினால் பிஸ்டனைத் தாங்கும் ராடின் அடியில் இருக்கும் கனெக்டிங் ராட் பேரிங். ஆயில் விளக்கும் கூடவே எரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். "அடுத்த ஊர் வரைக்கும் மெதுவா போயிடலாம்" என்று ஓட்டி வந்து, ராட் உடைந்து பிளாக்கையே துளைத்த எஞ்சின்களை நான் கழற்றியிருக்கிறேன். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் அதற்கு முன் ஒன்றுமில்லை.

எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுப் பக்க எலும்பில் வைத்துக் கேளுங்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி. மெக்கானிக்குகளுக்கென்றே ஸ்டெதஸ்கோப்பும் கிடைக்கிறது. சத்தம் இரும்பு வழியாகப் பரவும், ஆனால் மூல இடத்தில்தான் கூர்மையாக இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

பெட்ரோல் காரில் மலை ஏறும்போது மட்டும் கண்ணாடிக் கோலி உருள்வது போலக் கேட்கிறது?

பெரிய கியரில் எஞ்சினை இழுக்க விட்டால் பெட்ரோல் நேரத்துக்கு மாறாக வெடித்து இப்படி வரும். கியரைக் குறைத்தால் நின்றுவிடும். கியர் குறைத்தும் நிற்காவிட்டால் எஞ்சின் சூடு, உள்ளே படிந்த கரி, எரிபொருளின் தரம், இந்தத் தட்டலை உணரும் நாக் சென்சார் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து வந்தால் பிஸ்டன் பாதிக்கும்.

டீசல் எஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பாகத் தளர்த்திப் பார்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் அடிக்கும் பழைய இன்லைன் பம்பு லாரிகளில் அது எங்கள் வழக்கமான முறைதான். ஒரு பைப்பின் நட்டைத் தளர்த்தியதும் தட்டுவது நின்றால் அந்த சிலிண்டரில் கோளாறு. ஆனால் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகள் எல்லாம் அந்த வகைதான், அதற்கு முந்தியவற்றிலும் ஏராளம். அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்திருக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் காயம் சின்னதுதானே என்று வீட்டுக்குப் போகாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தோடு டீசல் உள்ளே இறங்கிவிட்டது என்று சொல்லுங்கள். காமன் ரெயிலுக்கு ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதுதான் வழி.

வேகத்தடையில் 'லொட லொட' என்கிறது?

முதலில் டிக்கியைத் திறந்து ஜாக்கி, ஸ்டெப்னி, வீல் ஸ்பேனர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல்: சின்னச் சின்னப் பள்ளத்தில் 'கடகட' என்றால் வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க். பெரிய பள்ளத்தில் 'தொம்' என்று ஒற்றை அடி என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், அதன் முனை மூட்டான பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் என்ற வரிசையில் பாருங்கள். மெதுவாக ஏறி இறங்கும்போது கட்டில் முனகுவது போலக் கேட்டால் ரப்பர் புஷ் காய்ந்திருக்கிறது.

லாரியில் கிளட்ச் விட்டதும் 'டங்' என்று இடிக்கிறது. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) தேய்ந்தால் கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் இப்படி இடிக்கும். அதற்கு முன்பே மெதுவாகப் போகும்போது எலி கத்துவது போல 'கீச் கீச்' என்று எச்சரிக்கை கொடுத்திருக்கும். அது கிரீஸ் காய்ந்த சத்தம். அப்போதே கிரீஸ் அடித்திருந்தால் கிராஸ் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் பேரிங் போனால் கிளம்பும்போது தரையெல்லாம் அதிரும்.

பின் ஆக்சில் ஹவுசிங்கிலிருந்து இரைச்சல் வந்தால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வருகிறதா, காலை எடுத்து வண்டி எஞ்சினைத் தள்ளும்போது வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டில் ஒன்றில் மட்டும் வந்தால் கிரவுன் பினியன் பற்கள் ஒரு முகத்தில் தேய்ந்திருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் பேரிங்கைப் பாருங்கள்.

லோடோடு பள்ளத்தில் இறங்கும்போது 'கிர்ர்ரிக்' என்றால் லோடைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள் பின்னுக்கு கிரீஸ் இல்லை. 'டடக்' என்று இரும்பு நகர்கிற சத்தம் என்றால் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டைகளைச் சேர்த்துக் கோக்கும் சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். சென்டர் போல்ட் போனால் ஆக்சிலே ஒரு பக்கம் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும்.

டயர் மாற்றியதிலிருந்து 'டக் டக்' என்று வருகிறது?

நிறுத்துங்கள். வீல் நட் தளர்ந்திருக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் பஞ்சர் போட்டுக்கொண்டு லோடோடு வந்த ஒரு டிரைவர், பின்னால் இடதுபுறம் மெல்லிய தட்டல் கேட்டு, சந்தேகத்தில் எங்கள் பட்டறை வாசலில் நிறுத்தினார். பார்த்தால் எட்டு நட்டும் கையால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்து, ரிம்மின் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு விரிந்திருந்தன. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் சக்கரம் கழன்று எதிரே வருகிறவர் மேல் போயிருக்கும். அவர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டதால்தான் அது நடக்கவில்லை. டயர் மாற்றினால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். நட்டைச் சுற்றித் துருக் கோடு ஒழுகியிருந்தாலும் அது தளர்ச்சியின் அடையாளம்தான்.

கிளீனர் தம்பிகள் டீக்கடையில் நின்றதும் கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார்களே, அதை விடாமல் செய்யச் சொல்லுங்கள். காற்று உள்ள டயர் 'டங்' என்று துள்ளும். இறங்கிய டயர் 'தொப்' என்று ஒடுங்கும். ஜோடி டயரில் உட்புறம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, இந்தத் தட்டலுக்குத்தான் தெரியும்.

ஏர் பிரேக்கில் 'புஸ்' சத்தம் எப்போது சரி, எப்போது தவறு?

அழுத்தம் சுமார் 8 பாரை எட்டியதும் ஒருமுறை 'புஸ்' என்று விட்டு அடங்கினால் அது இயல்பு. விடாமல் சீறினாலோ, எஞ்சினை அணைத்த பிறகு முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினாலோ கசிவு. டேங்கில் காற்று நிறைந்ததும் எஞ்சினை அணைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரம் சக்கரமாகப் போய்க் கேட்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு. மிதிக்கும்போது மட்டும் சீறினால் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம். இடம் பிடிபடாவிட்டால் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நுரை காட்டிவிடும்.

பயப்படத் தேவையில்லாத சத்தங்கள் உண்டா?

உண்டு. சாவி போட்டதும் இரண்டு நொடி 'ஊம்' என்பது பெட்ரோல் பம்பு. கிளம்பிய சில நொடியில் ஒருமுறை 'கொர்' என்பது ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) தன்னையே சோதித்துக்கொள்வது. அணைத்த பிறகும் ஃபேன் ஓடுவது, சைலன்சர் ஆறும்போது 'டிங் டிங்' என்பது, ஏ.சி. போட்டால் 'க்ளிக்' என்பது எல்லாம் சரிதான். ஆனால் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் 'களகள' என்றால் கூலன்ட் அளவைப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

பட்டறைக்குப் போனால் சத்தம் வருவதே இல்லை. என்ன செய்வது?

வரும்போது போனில் பதிவு செய்யுங்கள், கூடவே வேகம், கியர் எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டே. காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தின இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். ஓடினால்தான் வரும் என்றால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது வரும் சாலையிலேயே ஓட்டிக் காட்டுங்கள். பார்க்காமலே பார்ட் எழுதிக் கொடுப்பவரிடம் அவசரப்பட வேண்டாம்.

பார்ட் மாற்றியாயிற்று. கழற்றியது உண்மையிலேயே கெட்டதுதானா என்று எப்படித் தெரியும்?

பழையதைக் கேட்டு வாங்குங்கள். பேரிங் என்றால் கையில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். கெட்டதென்றால் உள்ளே மணல் இருப்பது போல் விக்கி விக்கிச் சுற்றும். லிங்க், பால் ஜாயின்ட் என்றால் அதன் தலையை ஆட்டிப் பாருங்கள். நல்லது கெட்டியாக, எதிர்த்து நகரும். கெட்டது தானாகத் தொங்கி விழும். அப்புறம் பழைய சாலையில் பழைய வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.